செபம் வரவில்லை, அன்பியப் பொறுப்பை விட்டுவிடலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிளைப்பங்கு எங்களுடையது. பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் அன்பியக் குழுவுக்கு ஐந்து வருடமாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். தை பிறக்கும் முன் பெய்த மழையில், அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரிலேயே கிடந்து முளைத்துவிட்டது. அதே மாதம் மாமியாருக்குப் பக்கவாதம். பேச்சு இல்லை, எல்லாம் படுக்கையிலேயே. நான் ஞாயிறு பூசைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. செபமாலையை எடுத்தால் உதடுதான் அசைகிறது, உள்ளே ஒன்றுமில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. திருவிழா வரியும் கட்டவில்லை. அன்பியத்தில் ஒரு அக்கா, “உனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது, அதுதான் கடவுள் தண்டிக்கிறார். பூண்டி மாதாவிடம் போய் உபவாசம் இருந்து வா, எல்லாம் சரியாகும்” என்கிறார். இந்த நிலைமையில் மற்றவர்களுக்கு நற்செய்தி வாசித்துக் காட்டுவது வேஷம் போடுவது போல இருக்கிறது. பொறுப்பை விட்டு விலகிவிடலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: விலக வேண்டாம் சகோதரி. விடுப்பு எடுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

மனம் வறண்டு கிடக்கிற நாளில், நல்ல நாளில் எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வகுத்துத் தந்த பழைய விதி. அதனால் பொறுப்பு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். திருவிழா முடியும்வரை வாசிப்பதையும் கூட்டம் நடத்துவதையும் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஃபாதரிடம் இதைச் சொல்ல நீண்ட விளக்கம் தேவையில்லை. “வீட்டில் ஆள் படுத்திருக்கிறார், மூன்று மாதம் முடியாது” என்றால் போதும்.

முதலில் அந்தத் தண்டனைப் பேச்சை முடித்துவிடுவோம். உங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் ஒரே வடிகால்தானே? அந்த வீட்டுக்காரர் முனீஸ்வரனைக் கும்பிடுகிறவராக இருக்கலாம், எதையுமே கும்பிடாதவராகவும் இருக்கலாம். அவர் நெல்லும்தான் முளைத்திருக்கும். டெல்டாவில் பயிர் மூழ்குவதற்குக் காரணம் தேடுகிறவர்கள் பரலோகம்வரை போக வேண்டாம், தூர் வாராத வாய்க்காலையும் அதை அடைத்துக்கொண்டு கிடக்கும் ஆகாயத்தாமரையையும் பார்த்தால் போதும். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, “யார் செய்த பாவம்?” என்று சீடர்களே கேட்டார்கள். இவரும் பாவம் செய்யவில்லை, இவர் பெற்றோரும் செய்யவில்லை என்றுதான் இயேசு சொன்னார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்பியத்தில் நீங்களே வாசித்திருப்பீர்கள்.

பூசைக்குப் போகாததைப் பற்றி. நோயாளியை விட்டு நகர முடியாதவருக்கு ஞாயிறு பூசை கடமை இல்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூலிலேயே (எண் 2181) நோயும் கைக்குழந்தையைக் கவனிப்பதும் தக்க காரணங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பாவம் என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்காதீர்கள். ஆனால் பூசையில் வாங்கும் நற்கருணை இல்லாமல் இரண்டு மாதம் இருந்திருக்கிறீர்கள், அதற்கு வழி செய்ய வேண்டும். மாமியாருக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவரச் சொல்லுங்கள், கூடவே உங்களுக்கும் என்று கேளுங்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலும் கேளுங்கள். உயிர் போகிற நேரத்தில் மட்டும் தருவது என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். கடும் நோயில் இருக்கும் யாருக்கும் அது உண்டு.

செபம் வறண்டுபோனதற்கு வருவோம். திருப்பாடல்களில் 88ஆவதை எடுத்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி தலைகாட்டும். இதில் அதுகூடக் கிடையாது, இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் சேர்த்துத்தான் திருச்சபை விவிலியத்தில் வைத்திருக்கிறது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகளாக அவர் இதே வறட்சியில் இருந்தது தெரிந்து உலகமே திகைத்தது. 2016இல் அவரைப் புனிதராக அறிவிக்க அது தடையாக இருக்கவில்லை.

ஆகவே செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் உருட்டியே தீர வேண்டும் என்று இப்போது உட்காராதீர்கள். மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் அல்லவா? ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். அந்த மூச்சில் “ஆண்டவரே இரக்கமாயிரும்” என்று ஒரு தடவை. இப்போதைக்கு அது போதும்.

இன்னொன்று செய்து பாருங்கள். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களில் சிலருக்குப் புதிதாக ஒரு வாக்கியம் பேச வராது, ஆனால் சிறுவயதில் மனப்பாடம் ஆன செபமும் பாட்டும் வாயில் தானாக வரும். மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. உங்கள் மாமியார் வயதானவர் என்றால், “பிரியதத்தத்தினாலே பூரண மரியே” என்ற பழைய செபத்தைத்தான் படித்திருப்பார். காதருகே நீங்கள் தொடங்கி நிறுத்துங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நஷ்டமில்லை. வந்துவிட்டால் அன்றைக்குச் செபத்தை நடத்துவது அவர், பதில் சொல்வதுதான் உங்கள் வேலை.

நீங்கள் கேட்டதற்கு என் உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரரை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். “அவர்களுடைய” நம்பிக்கையைக் கண்டு என்றுதான் வசனம் சொல்கிறது. படுத்திருந்தவர் வாய் திறந்ததாகவே அங்கு இல்லை. ஐந்து வருடம் நீங்கள் தூக்குகிறவர்கள் வரிசையில் இருந்தீர்கள். இப்போது கட்டிலில் இருக்கிறீர்கள். பொறுப்பாளருக்குத் தன் வீட்டு வேண்டுதலைச் சொல்லவே கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த அன்பியக் கூட்டத்தை உங்கள் வீட்டில், மாமியார் கட்டிலைச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். டீ, சுண்டல் எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் செபிக்கட்டும், நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கிப்போனாலும் சரி.

வரியைப் பற்றி ஒரே வார்த்தை. அவரவர் சக்திக்கு ஏற்பத் திருச்சபைக்கு உதவுவதுதான் கட்டளை. பாக்கிக்காரர் பட்டியலைக் கோவில் வாசலில் ஒட்டும் பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால், அது ஊர் வழக்கம், திருச்சபைச் சட்டமில்லை. தேர் உங்கள் தெருவுக்கும் வரும். கடன் நெருக்கினால் உங்கள் பங்கிலோ தாய்ப்பங்கிலோ வின்சென்ட் தே பால் சபை இருக்கிறதா என்று விசாரியுங்கள். வீடு தேடி வந்து, வெளியே சொல்லாமல் உதவுவது 1833இல் பாரிசில் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் வழக்கம்.

கடைசியாக, அந்த மூன்று மணி விழிப்பு. அதை ஆன்மீகக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் சொல்லுங்கள். மனம் ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசின் திட்டம் 2021இலிருந்து நடக்கிறது. படுத்த படுக்கையானவர்களுக்குப் பிசியோதெரபியும் கவனிப்பும் வீட்டுக்கே வரும். மாமியார் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

அந்த அக்காவோடு சண்டை வேண்டாம். பூண்டிக்குப் போவதில் எனக்கும் ஆட்சேபமில்லை, பேரம் பேசாமல் சும்மா மாதா முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை அவர் ஆரம்பித்தால், “போகிறேன் அக்கா. அன்றைக்குக் காலையிலிருந்து ராத்திரிவரை நீங்கள் வந்து அத்தையைப் பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று கேளுங்கள்.