1939 செப்டெம்பர் 1, அதிகாலை: போலந்து படையெடுப்பு பற்றிய கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறை கூடும் எமது வாசகர் வட்டத்தில், சென்ற முறை இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தைப் பற்றி நான் பேசி முடிப்பதற்குள் மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. அதனால் கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தருமாறு கேட்டிருந்தேன். ஒரே விடயத்தைக் கேட்ட சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையில் வரலாறு கற்பித்தவன் என்பதால், சில இடங்களில் பதில் பாடமாக நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேர், போருக்குக் காரணம் போலந்து மீதான படையெடுப்பு என்று எழுதினால் முழுப் புள்ளி கிடைக்குமா? (சாதாரண தர மாணவி, பம்பலப்பிட்டி)

அது உடனடிக் காரணம் மட்டுமே, பிள்ளை. வேர்சாய் உடன்படிக்கை, பொருளாதார மந்தம், 1938 இல் மியூனிக்கில் செக்கோசிலோவாக்கியாவை விட்டுக்கொடுத்தமை ஆகியவற்றை எழுதிவிட்டு, அதன் பின்னர் இதை எழுதுங்கள். ஆனால் விடைத்தாளில் "போர் வெடித்தது" என்று எழுத வேண்டாம் என்று என் மாணவர்களிடம் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். வெடித்தது என்றால் ஏதோ தானாக நிகழ்ந்தது போலாகிவிடும். போலந்து மீதான தாக்குதலைச் செப்டெம்பர் 1 முதல் எந்த நாளிலும் தொடங்கக்கூடியவாறு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று ஏப்பிரல் 3 ஆம் திகதியே ஜேர்மன் படைகளுக்கு எழுத்தில் கட்டளை போயிருந்தது.

போலந்துதான் முதலில் சுட்டது என்று ஜேர்மனி சொன்னதாமே, ஐயா? (கொட்டாஞ்சேனை)

சொன்னது. ஓகஸ்ட் 31 இரவு எட்டு மணியளவில், ஜேர்மனியின் எல்லையோர நகரான கிளைவிட்ஸின் வானொலி நிலையத்துக்குள், ஹிட்லரின் நாசிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். அமைப்பைச் சேர்ந்த ஒரு சிறு குழு போலந்துக் கிளர்ச்சிக்காரரைப் போலப் புகுந்து, போலந்து மொழியில் ஓர் அறிவித்தலை வாசித்துவிட்டுப் போனது. சாட்சிக்கு ஓர் உடல் வேண்டுமல்லவா? அதற்காக, விவசாய இயந்திரங்கள் விற்று வாழ்ந்த, போலந்துச் சார்பானவர் என்று ஊரில் அறியப்பட்ட பிரான்சிசெக் ஹோனியொக் என்பவரை முதல் நாளே கைதுசெய்து, மயக்க மருந்து கொடுத்து, நிலையத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அந்த அறிவித்தலோ சுற்றுவட்டாரத்தைத் தாண்டிச் சரியாகக் கேட்கவுமில்லை. குழுவின் தலைவரான அல்பிரட் நவ்யொக்ஸ் போரின் பின்னர் நியூரம்பேர்க் போர்க் குற்ற விசாரணைக்குக் கொடுத்த சத்தியக் கடதாசியில் இந்த ஏற்பாட்டை விபரித்திருக்கிறார்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. டான்சிக் நகரையும் போலந்தின் கடல்வழித் துண்டான "கொரிடோர்" நிலத்தையும் குறித்துப் பதினாறு அம்சங்கள் கொண்ட ஒரு சமாதான யோசனையை ஜேர்மனி தயாரித்திருந்தது. ஓகஸ்ட் 30 நள்ளிரவில் ஜேர்மன் வெளிவிவகார அமைச்சர் ரிப்பன்ட்ரொப் அதைப் பிரித்தானியத் தூதர் ஹென்டர்சனுக்கு வேகமாக வாசித்துக் காட்டினார். பிரதியைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார். மறுநாள் நண்பகல் கடந்ததும் ஹிட்லர் தாக்குதல் கட்டளையில் கையொப்பமிட்டுவிட்டார். அன்றிரவு ஒன்பது மணிக்குத்தான், போலந்து மறுத்துவிட்டது என்று சொல்லி, ஜேர்மன் வானொலி அந்தப் பதினாறு அம்சங்களையும் உலகுக்கு வாசித்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது நியாயமான யோசனையாகவே பட்டிருக்கும். கட்டளை அதற்குப் பல மணி நேரம் முன்பே படைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்ததை அவர்கள் எப்படி அறிவார்கள்?

முதற் குண்டு எங்கே விழுந்தது? (ஒரே கேள்வி, நான்கு சீட்டுகள்)

டான்சிக் துறைமுக வாயிலில் உள்ள வெஸ்டர்பிளாட்டே என்ற சிறிய தீபகற்பத்தில் என்று பாடநூல்கள் சொல்லும். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற பழைய போர்க்கப்பல் நல்லெண்ண விஜயம் என்று சொல்லிக்கொண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி அங்கே வந்து நங்கூரமிட்டிருந்தது. கப்பலின் உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட தாக்குதல் படையினர் மறைந்திருந்தனர். செப்டெம்பர் 1 வெள்ளிக்கிழமை அதிகாலை 4.45 மணியளவில், அது தனக்கு விருந்தளித்த கரையை நோக்கியே தன் பீரங்கிகளைத் திறந்தது. மேஜர் சுஹார்ஸ்கியின் தலைமையில் இருந்த ஏறத்தாழ இருநூறு போலந்து வீரர்களிடம் பன்னிரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடிக்குமாறே கேட்கப்பட்டிருந்தது; அவர்கள் ஏழு நாட்கள் நின்றார்கள்.

ஆனால் ஏறக்குறைய அதே நேரத்தில், எல்லைக்கு அருகே உறங்கிக்கொண்டிருந்த வியெலுன் என்ற சிறு நகரின் மீது விமானங்கள் குண்டு வீசத் தொடங்கியிருந்தன. அங்கே முதலில் அடிபட்ட கட்டடங்களில் வைத்தியசாலையும் ஒன்று. விஸ்டுலா ஆற்றின் பெரிய பாலம் இருந்த ட்செவ் நகரிலும், பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிமருந்தின் கம்பிகளை அறுப்பதற்காக விமானங்கள் சில நிமிடங்கள் முன்னதாகவே வந்தன. போலந்துப் பொறியியற் படையினர் கம்பிகளைத் திருத்தி, ஆறு மணி தாண்டியதும் பாலத்தைத் தகர்த்தார்கள்.

அன்று காலை ஹிட்லர் தம் பாராளுமன்றத்தில் "5.45 முதல் திருப்பிச் சுடுகிறோம்" என்றார். நேரமே ஒரு மணித்தியாலம் பிழை. போர்ப் பிரகடனம் எதுவும் செய்யப்படவில்லை. முன்னறிவித்தல் இன்றிப் போர் தொடங்கலாகாது என்ற 1907 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் ஜேர்மனியும் கைச்சாத்திட்டிருந்தது.

எல்லையில் பத்து இலட்சத்துக்கு மேல் படை குவிவது போலந்துக்குத் தெரியாமலா இருந்தது? ஏன் ஆயத்தமாகவில்லை? (மட்டக்குளி)

வந்த சீட்டுகளில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன், தம்பி. தெரிந்திருந்தது. ஓகஸ்ட் 26 அதிகாலையில் தாக்குவதென்றே முதலில் முடிவாகியிருந்தது. 25 ஆம் திகதி பிரித்தானியா போலந்துடன் பரஸ்பர உதவி உடன்படிக்கையைச் செய்துகொண்டதும், இத்தாலி ஆயத்தமில்லை என்று முசோலினி அறிவித்ததும் ஹிட்லரைத் தயங்க வைத்தன; மாலையில் கட்டளை மீளப் பெறப்பட்டது. ஆனால் போலந்தின் தெற்கு எல்லையிலுள்ள யப்லுன்கூவ் கணவாயைக் கைப்பற்ற அனுப்பப்பட்ட ஒரு சிறு குழுவுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவர்கள் அன்றிரவே எல்லையைத் தாண்டிப் புகையிரத நிலையத்தைப் பிடித்துவிட்டு, பிறகு பின்வாங்கினார்கள். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை ஒரு நாட்டுக்குக் கிடைக்குமா?

போலந்து இரகசியமாகப் படையின் ஒரு பகுதியைத் திரட்டியே வைத்திருந்தது. எஞ்சியோரையும் அழைக்கும் பொதுப் படைதிரட்டல் ஓகஸ்ட் 29 அன்று கட்டளையிடப்பட்டது. அப்போது பிரித்தானிய, பிரெஞ்சுத் தூதர்கள் வந்து, இது ஜேர்மனியைச் சீண்டும், பேச்சுவார்த்தைக்கு இன்னும் இடமிருக்கிறது, நிறுத்துங்கள் என்றார்கள். போலந்து நிறுத்தியது. மறுநாள் மீண்டும் கட்டளையிட்டபோது, ஓகஸ்ட் 31 தான் படைதிரட்டலின் முதல் நாள் என்றானது. ஒட்டிய சுவரொட்டியைக் கிழித்து மறுநாள் திரும்ப ஒட்டிய அந்தக் குழப்பத்தில், வீட்டுக்குப் போகச் சொல்லப்பட்ட சேமப் படையினர் மறுபடியும் புகையிரதம் தேடி ஓடினார்கள். அடுத்த நாள் அந்தப் புகையிரதப் பாதைகள் மீதே குண்டுகள் விழுந்தன. பல படைப்பிரிவுகள் முழுமையாகத் திரளாமலே சண்டைக்குள் போயின.

படையெடுக்கத் தீர்மானித்தவனுக்கு நாளும் மணியும் தெரியும். காத்து நிற்பவனோ முந்தினால் போரைத் தொடக்கியவன் என்ற பழியைச் சுமக்க வேண்டும், பிந்தினால் நாட்டை இழக்க வேண்டும். போலந்து பழிக்கு அஞ்சி ஒரு நாளைக் கொடுத்தது. அந்த ஒரு நாளை அதனிடம் கேட்டு வாங்கியவர்கள் அதன் நண்பர்கள். இந்த இடத்தை வகுப்பில் கற்பிக்கும்போது இத்தனை ஆண்டுகளிலும் என் குரல் ஒரு தடவையாவது இடறாமல் போனதில்லை.

ஆறுகளுக்குப் பின்னால் போய் நின்று பாதுகாத்திருக்கலாமே? (தெமட்டகொடை)

இராணுவ ரீதியில் சரியான யோசனைதான். வடக்கே கிழக்குப் பிரஷ்யா, மேற்கே ஜேர்மனி, தெற்கே ஜேர்மன் பிடிக்குள் போய்விட்ட சிலோவாக்கியா என்று மூன்று பக்கமும் வளைக்கப்பட்ட நாடு அது. ஆனால் சிலேசியாவின் நிலக்கரியும் ஆலைகளும் எல்லையோரமாகவே இருந்தன. ஜேர்மனி டான்சிக்கையும் கொரிடோரையும் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், "சண்டை முடிந்துவிட்டது, பேசித் தீருங்கள்" என்று நட்பு நாடுகள் மியூனிக்கில் போலச் சொல்லிவிடும் என்ற பயமும் இருந்தது. ஆகவே எல்லை நெடுகிலும் படை மெல்லியதாகப் பரவி நின்றது.

குதிரையில் வந்து யுத்த தாங்கிகளை வாளால் வெட்டினார்களாமே? (வத்தளை)

இல்லை. இந்தக் கதையைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். செப்டெம்பர் 1 மாலை க்ரோயான்டி என்ற ஊருக்கு அருகே, 18 ஆவது உலான் படையணியின் குதிரைவீரர்கள், காட்டோரமாக இருந்த ஜேர்மன் காலாட்படை ஒன்றின் மீது பாய்ந்து அதைச் சிதறடித்தார்கள். பின்னர் வந்து சேர்ந்த கவச வாகனங்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டபோது, கேணல் மஸ்டலேர்ஸ் உட்படப் பலர் விழுந்தனர். பின்னர் அங்கே அழைத்துவரப்பட்ட இத்தாலியப் பத்திரிகையாளர்கள் குதிரைகளையும் மனிதர்களையும் கிடந்த நிலையில் கண்டார்கள். அதிலிருந்து கதை பிறந்தது. அந்தப் பாய்ச்சல் போலந்துக் காலாட்படை பின்வாங்குவதற்கு நேரம் வாங்கித் தந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

அதே நாளில் மொக்ரா என்னுமிடத்தில் வொலின் குதிரைப்படைப் பிரிவினர், குதிரையை விட்டு இறங்கி, 37 மில்லிமீற்றர் போபர்ஸ் பீரங்கிகளால் ஒரு முழு ஜேர்மன் கவசப் பிரிவை மாலை வரை மறித்து, பல தாங்கிகளை அழித்தார்கள். ஜேர்மன் படையிலும் பெரும்பாலான காலாட்படைப் பிரிவுகளின் பீரங்கிகளையும் வண்டிகளையும் குதிரைகளே இழுத்தன.

பிரித்தானியாவும் பிரான்ஸும் செப்டெம்பர் 3 இல் போர்ப் பிரகடனம் செய்தும் ஏன் உதவவில்லை? (கொள்ளுப்பிட்டி)

பிரான்ஸ் தன் படைதிரட்டல் தொடங்கிப் பதினைந்தாம் நாளில் பெரும் தாக்குதலை ஆரம்பிக்கும் என்று மே மாதமே போலந்துத் தளபதிகளுக்கு வாக்களித்திருந்தது. செப்டெம்பர் 7 இல் பிரெஞ்சுப் படை ஜேர்மனியின் மேற்கு எல்லையிலுள்ள சார் பகுதிக்குள் சுமார் எட்டுக் கிலோமீற்றர் நுழைந்து நின்றது. 12 ஆம் திகதி பிரான்ஸின் அப்வில் நகரில் கூடிய இரு நாட்டுத் தலைவர்களும் பெரிய தாக்குதல் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். போலந்துக்கு அந்த உண்மை சொல்லப்படவில்லை. பிரித்தானிய விமானங்கள் ஜேர்மனி மீது துண்டுப் பிரசுரங்களைப் போட்டன. இதற்கு என்ன விளக்கம் தந்தாலும் நம்பிக்கைத் துரோகம் என்பதே என் தீர்ப்பு.

சோவியத் படை வந்ததையும் படையெடுப்பு என்று சொல்லலாமா? (கிருலப்பனை)

சொல்லத்தான் வேண்டும். ஓகஸ்ட் 23 இல் மொஸ்கோவில் கைச்சாத்தான ஜேர்மன்-சோவியத் உடன்படிக்கையின் இரகசிய இணைப்பில், நாரெவ், விஸ்டுலா, சான் ஆறுகளை ஒட்டிப் போலந்து பங்கிடப்பட்டிருந்தது. போலந்து அரசு இல்லாமற் போய்விட்டது, அங்குள்ள உக்ரேனியரையும் பெலருசியரையும் பாதுகாக்கப் போகிறோம் என்று சொல்லி, செப்டெம்பர் 17 அதிகாலையில் சோவியத் படைகள் கிழக்கிலிருந்து நுழைந்தன. இதை அறிவித்த சோவியத் கடிதத்தைப் பெற்றுக்கொள்ள மொஸ்கோவிலிருந்த போலந்துத் தூதர் மறுத்துவிட்டார். இரு நாடுகளும் செய்துகொண்ட 1932 ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்பற்ற உடன்படிக்கை அப்போது செல்லுபடியாகவே இருந்தது. இடதுசாரித் தோழர்கள் சிலருக்கு இந்தப் பதில் கசக்கும் என்று தெரியும்; ஆனால் 1940 வசந்தத்தில் ரஷ்யாவின் கற்றின் காட்டிலும் வேறிடங்களிலும் ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகள் கொல்லப்பட்டார்கள்; கற்றின் படுகொலையின் பொறுப்பைச் சோவியத் அரசே 1990 இல் ஒப்புக்கொண்டது.

சனங்கள் என்ன ஆனார்கள், மாஸ்ரர்? (யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் அம்மா, தெஹிவளை)

அம்மா, நீங்கள் இதைக் கேட்டதன் காரணம் எனக்கு விளங்குகிறது. செப்டெம்பர் 6 நள்ளிரவை ஒட்டி வார்சோ வானொலியில் ஓர் இராணுவ அதிகாரி, ஆயுதம் ஏந்தக்கூடிய ஆண்கள் எல்லோரும் நகரை விட்டுக் கிழக்கே போகுமாறு அறிவித்தார். விடியுமுன் வீதிகள் நிறைந்தன. வண்டியும் சைக்கிளும் கால்நடையும் ஒன்றாக நகர்ந்த அந்த வரிசைகளை விமானங்கள் தாழப் பறந்து சுட்டன. கிழக்கே போனவர்களில் பலரைப் பத்து நாள் கழித்து எதிரே வந்த சோவியத் படை சந்தித்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாண நகரை விட்டு மழையில் நாவற்குழிப் பக்கம் நாங்கள் நகர்ந்தபோது, என் மனைவி தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றி, ஒரு பழைய சேலையில் சுற்றி, என் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தார். போலந்து வீதிகளின் பழைய படங்களைப் பார்க்கும்போது, அவர்கள் எதைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் என் கண் முதலில் தேடும்.

அந்த நேரம் கொழும்பில் என்ன? (கொட்டாஞ்சேனை)

வெஸ்டர்பிளாட்டேயில் 4.45 என்றால் இங்கே காலை 9.15. ஞாயிற்றுக்கிழமை, செப்டெம்பர் 3 அன்று, பிரித்தானியப் பிரதமர் சேம்பர்லேன் வானொலியில் போரை அறிவித்தபோது கொழும்பில் பிற்பகல் 3.45. இலங்கை பிரித்தானியக் குடியேற்ற நாடு என்பதால், எங்களிடம் யாரும் கேட்காமலே நாங்களும் அந்தப் போருக்குள் இருந்தோம். குண்டுகள் கொழும்புக்கு வந்தது 1942 ஏப்பிரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்களில்.

போலந்து எப்போது சரணடைந்தது? (வெள்ளவத்தை)

வார்சோ நகரம் செப்டெம்பர் 28 இல் சரணடைந்தது. போலந்து அரசு ஒருபோதும் சரணடையவில்லை. ருமேனியாவுக்குள் கடந்து சென்ற அதன் தலைவர்களுக்குப் பின், பிரான்ஸிலும் அடுத்து லண்டனிலும் புதிய அரசு அமைந்து இயங்கியது. களத்தில் கடைசியாக நின்றது ஜெனரல் கிளீபேர்க்கின் படை. வார்சோவுக்கு உதவப் புறப்பட்ட அவர்கள், நகரம் வீழ்ந்த செய்தியை வழியிலேயே கேட்டும் சண்டையைத் தொடர்ந்தார்கள். கொட்ஸ்க் என்ற ஊரில் நான்கு நாட்கள் போரிட்டு, வெடிமருந்து தீர்ந்த பின்னர், ஒக்டோபர் 6 காலையில் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். கிளீபேர்க் 1941 இல் ஜேர்மனியின் போர்க் கைதியாக இருந்தபோது இறந்தார்.