ஏர் ரைஃபிள் பெல்லட்: எத்தனை டப்பா வாங்கி வைக்கலாம்?

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) பயிற்சி எடுக்கிறாள். வீட்டு மாடியிலேயே சுடும் இடம் அமைத்திருக்கிறோம். வாரத்தில் ஐந்து நாள் சுடுகிறாள். அதில் போடும் ஈயக் குண்டான பெல்லட் சில சமயம் கிடைப்பதே இல்லை என்பதால், ஒரே தடவையில் 40 டப்பா வாங்கிப் போட்டுவிடச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். எவ்வளவு வாங்கலாம்? ரப்பர் ஷீட் போட்டு வைக்கும் அறையில் இடம் இருக்கிறது, அங்கே வைக்கலாமா? (திருவட்டாறு வாசகர்)

பதில்: 40 டப்பா இப்போது வேண்டாம். ரப்பர் அறை எப்போதுமே வேண்டாம்.

முதலில் மாதம் எத்தனை பெல்லட் செலவாகும் என்று கணக்குப் போடுங்கள். 2018 முதல் பெண்கள் போட்டியிலும் 60 ஷாட்தான். அதற்கு முன் குறிபார்க்கும் சைட்டைச் சரிபார்க்கச் சுடுவதையும் சேர்த்தால் ஒரு முழுச் சுற்றுக்கு 80 பெல்லட் போகும். ஐந்து நாளும் அதே அளவு என்றால் வாரத்துக்கு 400, மாதத்துக்கு ஏறக்குறைய 1,700. ஒரு டப்பாவில் 500 இருப்பதால் மாதம் மூன்றரை டப்பா. தரையில் விழுந்தது, விளிம்பு நசுங்கியது என்று பத்தில் ஒரு பங்கு கழியும். ஆக மூன்று மாதத்துக்கு 12 டப்பா. கையில் இருக்க வேண்டிய அளவு இதுதான். நான்கு டப்பா மிஞ்சும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள்; அது நான்கரை வாரம் தாங்கும். வெளிநாட்டுச் சரக்கு தாமதமானாலும் பயிற்சி நிற்காது. தேர்வு மாதங்களில் செலவு பாதியாகக் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பெல்லட் போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் டிரை ஃபயர் வசதி பெரும்பாலான போட்டி ரைஃபிள்களில் உண்டு. வாரத்தில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கினாலே மாதம் 300 பெல்லட்டுக்கு மேல் மிச்சம். நிலையாக நிற்பதும் விசையை நடுங்காமல் இழுப்பதும் இதில்தான் நன்றாகப் படியும். அதனால் இதைச் சிக்கனம் என்று மட்டும் பார்க்க வேண்டாம்.

மொத்தமாக வாங்கிக் குவிப்பதில் பெரிய ஆபத்து பணம் முடங்குவது அல்ல, உங்கள் ரைஃபிளுக்கு ஒத்துவராத லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாட்டிக்கொள்வது. ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்றாலும் 4.49, 4.50, 4.51 மி.மீ. எனத் தலை அளவு மாறும். அளவு ஒன்றாக இருந்தாலும் லாட்டுக்கு லாட் குணம் மாறும். ஏர் ரைஃபிள் இலக்கில் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ.தான். தசமப் புள்ளியில் 0.1 என்பது வெறும் கால் மில்லிமீட்டர். பொருந்தாத லாட் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிதறினால், குழந்தை தன் கையையே குறை சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆகவே மூன்று லாட்டில் ஒவ்வொரு டப்பா மட்டும் முதலில் வாங்குங்கள். ரைஃபிளை வைஸில் (அசையாமல் பிடிக்கும் இரும்புப் பிடி) பூட்டிச் சுடுவதே சரியான சோதனை. பயிற்சியாளரிடம் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் ஆளின் பிழையும் சேர்ந்துவிடும். பெல்லட்டை மாற்றியதும் முதல் பத்து ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழலுக்குள் முந்தைய ஈயத்தின் பூச்சு மாற அவ்வளவு வேண்டும். பிறகு பத்துப் பத்து ஷாட்டாக மூன்று குரூப் (ஓட்டைகளின் கூட்டம்) சுட்டு, ஒவ்வொன்றையும் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதுங்கள். நல்ல ரைஃபிளும் பொருந்திய லாட்டும் சேர்ந்தால் 7 மி.மீ.க்குள் அடங்கும். மூன்றில் மோசமான குரூப் எந்த லாட்டில் சிறியதோ, அதை எடுங்கள். ஒரே ஒரு அழகான குரூப்பைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் அதிகம். அது தற்செயலாகவும் விழும். ரைஃபிளின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் குறைந்த நிலையில் சோதித்தால் முடிவே தவறாகிவிடும்.

லாட் முடிவானதும் டப்பாவில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். போட்டிக்கென்று அதே லாட்டில் நான்கு டப்பாவைத் தனியாக ஒதுக்கிவிடலாம். ஒரு போட்டிக்கு முந்தைய நாள் பயிற்சியும் சேர்த்து 170 போகும். வருடத்தில் மூன்று போட்டி, மாதம் ஒரு மாதிரிப் போட்டி என்றாலும் மூன்று டப்பாவில் முடியும், நான்காவது கைக்காவலுக்கு. மற்ற நாட்களுக்கு விலை குறைந்த பயிற்சி பெல்லட் போதும்.

இனி வைக்கும் இடம். உலர்ந்த இடத்தில் மூடி வைத்த ஈயம் பல வருடம் கெடாது. நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓய்ந்ததும் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றும் சேர, டப்பாத் தகரம்தான் முதலில் துருப்பிடிக்கும். ஆனால் ஈரத்தைவிடக் கொடியது அமில ஆவி. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட், ஷீட்டுக்குப் போடும் விறகுப் புகையில் இருக்கும் அசிட்டிக் அமிலம், இரண்டுமே ஈயத்தை அரிக்கும். மர அலமாரியும் மெல்ல அமில ஆவி விடும். அரித்த பெல்லட்டின் மேல் வெள்ளைப் பொடி படியும், விளிம்பு சொரசொரக்கும், பிறகு எந்தக் குரூப்பும் ஓரிடத்தில் சேராது.

எனவே ஸ்டீல் பீரோவின் கீழ்த்தட்டில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள், 100 கிராம் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால், மாறியதும் 110 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் உலர்த்தித் திரும்பப் போடலாம். பெல்லட் டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை எறியாதீர்கள். குலுங்கினால் ஈய விளிம்பு எளிதில் நசுங்கும். எண்ணெய் தடவவும் வேண்டாம்.

வெள்ளைப் பொடி கண்ட டப்பாவை ஊதிப் பார்க்காதீர்கள், கழுவிக் காப்பாற்றவும் முயலாதீர்கள். அந்தப் பொடி விஷம். நல்ல பெல்லட்டைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. வாயில் கவ்வி வைக்கும் பழக்கம் கூடவே கூடாது. சுடும் இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பெல்லட் ஒன்று 0.53 கிராம் என்றால், இந்தக் கணக்கில் வருடத்துக்குப் பத்து கிலோ ஈயம் இலக்குக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியில் சேரும். மீன் வலைக்கு ஈயக் குண்டு ஊற்ற ஆகுமே என்று யாராவது கேட்பார்கள். வீட்டு அடுப்பில் உருக்க ஒருபோதும் இடம் தராதீர்கள். பழைய பேட்டரி வாங்கும் கடையில் எடையாகப் போடுங்கள். வயலுக்கு வரும் மயில்மேல் ‘சும்மா ஒன்று’ சுட்டுப் பார்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரைஃபிளையும் பெல்லட்டையும் பூட்டியே வையுங்கள்.

குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும் பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை, அதனால் எத்தனை டப்பா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள். நாளை மகள் .22 ரைஃபிளுக்கு மாறினால் கணக்கே வேறு: அது வெடிமருந்துத் தோட்டா, படைக்கலச் சட்டத்துக்குள் வரும். ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஒரு வருடத்தில் எத்தனை வாங்கலாம் என்ற இரண்டு எண்ணும் உரிமப் புத்தகத்தில் இருக்கும். ஒவ்வொரு கொள்முதலையும் அதில் பதிந்து வாங்க வேண்டும். ஒரு தோட்டா கூடினாலும் குற்றம்தான்.