பட்டி போட்டும் மறுபடி துருவா? உள்பக்கம் பாருங்கள்

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். காருக்கு 11 வயது. பெட்ரோல் மூடி இருக்கும் இடப்பக்கத்தில், பின்சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவில் பெயின்ட் கொப்புளம் விட்டது. பட்டறையில் தேய்த்து, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்டு, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் கொப்புளம். திரும்பவும் அதையே செய்வதா, வேறு வழி உண்டா?

பதில்: அதையே செய்யாதீர்கள், காசு வீண். போன முறை வேலை நடந்தது வெளிப்பக்கத்தில். துரு உட்கார்ந்திருப்பது உள்பக்கத்தில்.

பின்சக்கர வளைவு ஒற்றைத் தகடு இல்லை. வெளித்தகடும் உள்தகடும் அந்த விளிம்பில் சேர்ந்து, மடித்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து (ஸ்பாட் வெல்டிங்) இருக்கும். சக்கரம் வாரி அடிக்கிற சேறு அந்த மடிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். வெளியே கார் காய்ந்து பளபளவென்று நிற்கும்போதும் அது ஈரமாகவே இருக்கும். கடலோரத்தில் அதோடு உப்பும் சேர்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், மழை இல்லாத மாதத்திலும் துரு ஓய்வதில்லை. இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதுதான் பெயின்ட்டைத் தூக்கிக் கொப்புளமாகக் காட்டுகிறது. கொப்புளம் உங்கள் கண்ணில் படும் நாளில், உள்ளிருந்து அரிப்பு வெகுதூரம் வந்திருக்கும்.

சரி, எவ்வளவு தூரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டிக்கியின் பக்கவாட்டு அட்டையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் வளைவுக்குக் கீழே மண்ணை நன்றாகக் கழுவிவிட்டு, ஸ்குரூடிரைவர் நுனியால் மடிப்பை அங்கங்கே அழுத்துங்கள். நல்ல தகடு கெட்டியாக எதிர்த்து நிற்கும். அரித்த தகடு மொறமொறவென்று உதிர்ந்து நுனியை உள்ளே விட்டுவிடும். ஒரு சின்னக் காந்தத்தையும் மேலே வைத்துப் பாருங்கள்; அது ஒட்டாமல் நழுவினால் அங்கே தடிமனாகப் பட்டிதான் இருக்கிறது, இரும்பு இல்லை.

எங்கும் ஓட்டை விழவில்லை என்றால் வெட்ட வேண்டாம். வயர் பிரஷ், எமரி பேப்பர் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, குழிகளில் மிஞ்சும் கறுப்புப் புள்ளிகளுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் (மிச்சத் துருவை மாற்றிக் கட்டுப்படுத்தும் திரவம்) தடவி, எபாக்ஸி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்தால் போதும். ஆனால் எட்டு மாதத்தில் திரும்பி வந்ததைப் பார்த்தால் உங்கள் காரில் ஓட்டை விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஓட்டை என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். முன்பக்க ஃபெண்டர் போல இதைப் போல்ட் கழற்றி மாற்ற முடியாது. இந்தத் தகடு மேலே கூரைத் தூண்வரை ஒரே துண்டாகப் போகிறது. எனவே அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே வளைவில் புதுத் தகடு மடித்து வைத்துப் பற்றவைக்க வேண்டும். நம் ஊர் டிங்கர்கள் இந்த வளைவைக் கையாலேயே தட்டி எடுப்பதில் கெட்டிக்காரர்கள். பழைய துருவுக்கு மேலேயே புதுத் தகட்டை வைத்து ரிவெட் அடிப்பதாகச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதில் மிக முக்கியமான ஒன்று. பெட்ரோல் ஊற்றும் குழாய் அந்த வளைவுக்குப் பின்னால்தான் டேங்குக்கு இறங்குகிறது. அதைக் கழற்றி, டேங்கின் வாயை அடைத்து, முடிந்தால் டேங்கையே இறக்கி வைத்த பிறகுதான் கிரைண்டரே ஓட வேண்டும். டிக்கி விரிப்பு, சீட் பெல்ட், ஒலி தடுக்கும் பஞ்சு எல்லாம் வெளியே வர வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் தேவையில்லை சார்" என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

கேஸ் வெல்டிங்கைவிட சிஓ2 வெல்டிங் (கம்பி உருகும் இடத்தை வாயு மூடிக் காக்கும் மின்பற்றவைப்பு) நல்லது. தகடு 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அதிகச் சூடு பட்டால் நெளியும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வரிசை. வெறும் இரும்பின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிய பட்டி, பிறகு சாதாரண பிரைமர், பெயின்ட், கிளியர் கோட். பட்டி ஈரத்தை உறிஞ்சும். நேராக இரும்பில் போட்டால் துருவை நாமே விதைத்தது போல ஆகிவிடும். தேய்த்த இரும்பை உங்கள் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரிகூடத் திறந்து வைக்கக் கூடாது. தேய்த்த அன்றே பிரைமர்.

கடைசியாக, மடிப்பின் இணைப்பில் சீலர் வைத்து, டிக்கி வழியாக நீளக் குழாய் விட்டு உள்பக்கம் முழுக்கக் கேவிட்டி வேக்ஸ் (தகட்டின் உள்வெற்றிடங்களில் படியும் மெழுகுப் பூச்சு) அடிக்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான். துருவை உண்மையில் தள்ளிப்போடுவதும் இதுதான்.

வீட்டில் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் காரைக் கழுவ வேண்டாம். நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும், அதில் பாதியை வளைவுகளுக்கு அடியில் ஊற்றுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். வண்டி பட்டறையில் இருக்கும்போதே வலப்பக்க மடிப்பையும் குத்திப் பார்த்துவிடுங்கள். அதற்கும் அதே 11 வயதுதான்.