வீட்டில் விறகு எரிப்பதை அரசு ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?

"என் வீட்டுக் கணப்பில் நான் குளிர் காய்வதில் அரசுக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். புகை உங்கள் கூரையோடு நிற்பதில்லை, அதனால்தான். காற்று அசையாத குளிர்கால இரவில், மேலே வெப்பக் காற்று மூடிபோலப் படிந்துவிடும். புகை தெருமட்டத்திலேயே தங்கும். அதிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகும். ஜன்னலைச் சாத்தினாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை அதைச் சுவாசிக்கத்தான் செய்யும்.

சரி, முழுத் தடைதான் வழியா? வேறு வழியில்லாதவர்களை அது வதைத்துவிடும். தடைக்குப் பதில் ஈர விறகைக் கட்டுப்படுத்தலாம்; அதுதான் அதிகம் புகைகிறது. இங்கிலாந்தில் 2021 முதல் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அடுப்புகளுக்கும் விதி வைக்கலாம். ஆனால் புதிய அடுப்புக்கு மட்டும் விதி போட்டால், பழையவை பல வருடம் புகைந்துகொண்டே இருக்கும். அவற்றை மாற்ற மானியம் கொடுப்பதே எனக்கு முதல் வேலையாகத் தோன்றுகிறது.