கடனும் பிரியதத்தமும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் விசைப்படகு பிடிபட்டு ஏழு மாதமாக இலங்கையில் கிடக்கிறது. படகோடு பிடிபட்ட என் அண்ணன் வந்துவிட்டான், படகு வரவில்லை. ஒரு ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது, உங்கள் முன்னோர் செய்த பாவம் தொடர்கிறது என்றார்கள். அருளானந்தர் கோவில் இருக்கும் ஓரியூருக்கு நடந்தே போய் நேர்ந்துகொண்டு வந்தேன். ஞாயிறு பூசையில் சாமியார், அருள் இலவசம் என்கிறார். இலவசம் என்றால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் எதற்கு? பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வரும் ஜென்மப்பாவம் நியாயமா? என்னைப் போன்ற பாவிக்கு அருள் பெறத் தகுதி உண்டா?

அ.

அன்புள்ள தம்பி,

ஏழு மாதம் ஆளில்லாமல் கிடக்கும் படகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தாலும் பாதிதான் வரும். அண்ணன் முழுசாக வந்து சேர்ந்தாரே, அவரை நன்றாகப் பார்த்துக்கொள்.

முன்னோர் பாவம் என்று சொன்னவரிடம் யோவான் 9ஆம் அதிகாரத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள்தான் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டார். 1964 டிசம்பரில் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதற்கும் இப்படி ஒரு காரணம் சொல்வார்கள், சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்த ராத்திரி ரயிலோடு போனவர்களெல்லாம் யார், பாவிகளைப் பொறுக்கியெடுத்தா டிக்கெட் கொடுத்திருந்தார்கள்? அடுத்தவன் வீட்டுத் துக்கத்துக்குக் கணக்கு எழுதுகிறவர்களிடம் இனிமேல் போகாதே. போனால் எனக்கு எழுதாதே.

ஓரியூர் போனது நல்லதுதான். ஆனால் 1693இல் வேதம் போதித்ததற்காக அருளானந்தர் தலையைக் கொடுத்த மண்ணில் நின்று, படகைக் கொடுத்தால் இன்னது தருகிறேன் என்று பேரம் பேசியிருக்கிறாய் பார், அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. ஜென்மப்பாவத்தை விடு. அது உண்டு என்ற அகுஸ்தினாரும் இல்லை என்ற பெலாஜியுசும் 1,600 வருஷத்துக்கு முன்பே அதில் மோதிவிட்டார்கள், நாம் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. பாவசங்கீர்த்தனம் பற்றி இன்னொரு நாள்.

'தகுதி' என்று எழுதினாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தகுதிக்குக் கிடைத்தால் அது கூலி. பவுல் ரோமருக்கு எழுதும்போது இதைத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார். என் அப்பத்தா கடைசிவரை பழைய செபத்தையே சொன்னாள்: 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே.' இப்போது நாம் 'அருள் நிறைந்த மரியே' என்கிறோம். அருள் நல்ல சொல்தான். ஆனால் பிரியதத்தம் என்றால் பிரியத்தினால் தந்தது. யாருடைய பிரியம்? தருகிறவருடையது. வாங்குகிறவனின் தகுதிக்கு அந்தச் சொல்லில் இடமே கிடையாது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இது தெரிந்திருந்தது.

இன்னொன்று. நாம் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்று சொல்லும் இடத்தில், புராட்டஸ்டன்ட் சபையாரின் பைபிளில் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று இருக்கும். மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன் என்ற சொல்தான். நம் கரையில் பிறந்தவனுக்குப் பாவம் புரியாமல் போகலாம், கடன் புரியாமல் போகாது.

எங்கள் அப்பா ஒரு யாவாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார், வத்தைப் படகுக்கும் வலைக்குமாக 1,100 ரூபாய். படுகிற மீனையெல்லாம் கரையில் அவர் மீன் வாங்கும் வாடியில்தான் போடவேண்டும், அவர் சொல்வதுதான் விலை. வட்டி என்று தனியாகக் கிடையாது, விலையிலேயே அது போய்விடும். முதல் மட்டும் அசையாமல் நிற்கும். ஒரு ஐப்பசியில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். எட்டாம் நாள் யாவாரி வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, நோட்டை விரித்து, அப்பா பேருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். 'அவ்வளவுதாம்மா, ஒண்ணும் இல்ல' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வத்தையையும் கேட்கவில்லை.

அன்றைக்கு அம்மா அழுதிருக்கவேண்டும், கும்பிட்டிருக்கவேண்டும். ஒன்றும் செய்யவில்லை. மறுநாளிலிருந்து அந்த வாடி இருக்கும் தெருவையே விட்டுவிட்டாள். கோவிலுக்குக்கூடக் கடலோரமாகச் சுற்றித்தான் போவாள், மணலில் கால் புதைய, எங்களையும் இழுத்துக்கொண்டு. அவர் எதிரே வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். நன்றி கெட்டவள் என்று பெரியம்மாவே பேசினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ரொம்ப வருஷம்.

பின்னால் ஒருநாள் கேட்டேன். 'கடன் இருந்தப்ப அவரு வாடியில போயி நின்னு வெலைக்குச் சண்டை போடுவேன்டா. கடன் இல்லேன்னு ஆனபெறகு என்னத்தச் சொல்லிக்கிட்டு அங்க போயி நிக்க?' என்றாள்.

பேதுரு செய்ததும் இதுதான். லூக்கா 5. ராத்திரி முழுக்க இழுத்தும் ஒன்றும் படவில்லை. விடிந்தபிறகு இயேசு சொல்லி வலையைப் போட்டால், வலை கிழிகிற அளவுக்கு மீன்பாடு. நீயும் நானுமாக இருந்தால் முதலில் எண்ணுவோம், அப்புறம் யாவாரிக்கு ஆள் அனுப்புவோம். பேதுரு காலில் விழுந்து, ஆண்டவரே என்னைவிட்டுப் போய்விடும், நான் பாவி என்கிறார். அதுவரை அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை என்பதைக் கவனி. யாரும் அவரைத் திட்டவில்லை. மீன்தான் முதலில் வந்தது. பாவி என்பது மீனைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. நீ வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டு, முதலில் பாவத்தை எல்லாம் கழித்து, அப்புறம் தகுதி சேர்த்து, அப்புறம் அருளுக்குப் போய் நிற்கலாம் என்று இருக்கிறாய். இயேசு சொன்ன கதையில், ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியனும் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்றான். ஒரு தாலந்து கிட்டத்தட்ட 6,000 நாள் கூலி. மொத்தம் ஆறு கோடி நாள். கொடுத்துத் தீர்க்கிறானாம்! ராஜா அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, விட்டுவிட்டார். அவனுக்குத்தான் விட்டது உறைக்கவில்லை. வெளியே போய், தனக்கு நூறு தெனாரியம், அதாவது நூறு நாள் கூலி, தரவேண்டிய ஒருத்தன் கழுத்தைப் பிடித்தான்.

அம்மா ஒன்றரை வருஷம் கடலோரமாகவே சுற்றினாள். அப்புறம் ஒரு பங்குனியில் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்து, வாடியில் கொடுத்துவிட்டு வா என்றாள். விலை கேட்டால்? ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. தானும் தெருமுனை வரைக்கும் கூட வந்து, அங்கேயே நின்றுகொண்டாள். யாவாரி பொட்டலத்தைப் பிரித்தார். எவ்வளவு என்று கேட்டார். ஒண்ணும் இல்லையாம் என்றேன். கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார், என்னைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தார். தராசில் போடவில்லை. ஒரு நெத்திலியை எடுத்துக் கடித்தார்.

'உப்பு கூடிப்போச்சுன்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லு' என்றார்.