மாந்தோப்பில் தாவும் ஆட்டுப் புள்ளி

வணக்கம். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பில் ஆடுகளின் இடத்தை அறிய அவற்றின் கழுத்தில் கட்டிய நோடுகள் (சின்ன ரேடியோ கருவிகள்) பத்து நொடியில் 40 மீட்டர் தாவுவதாகத் திரையில் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். மேயும் வெள்ளாடு தாவும்தான், ஆனால் அவ்வளவு இல்லை! உங்கள் கணக்கில் தப்பில்லை. சிக்னல் பலத்தை வைத்துத் தூரம் அளப்பதுதான் சிக்கல். இலை, ஈரம், ஆட்டின் உடம்பு எல்லாமே நோடுகள் அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை விழுங்கும். ஆடு திரும்பி நின்றாலே அளவு மாறிவிடும்.

பலத்தை விடுங்கள். தோப்பில் ஓரிடத்தில் நட்டிருக்கும் நிலை நோடுகளில் எதன் சிக்னல் ஆட்டின் நோடுக்குக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதை மட்டும் எடுங்கள். ஆடு இருக்கக்கூடிய இடங்களாக 50 புள்ளிகளைத் தூவுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆடு ஓடக்கூடிய தூரத்துக்குள் அவற்றை நகர்த்தி, கேட்ட சிக்னலோடு ஒத்துவராததைக் கழியுங்கள். மிஞ்சியதன் சராசரிதான் இடம். ஹூ, எவன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2004-ல் சொன்ன மான்டி கார்லோ முறை (புள்ளிகளைக் குத்துமதிப்பாகத் தூவி விடை தேடுவது) இது. ஆடு அலைவது இங்கே உதவிதான். அலைய அலையப் புதுத் தகவல் கிடைக்கும். எல்லாப் புள்ளியும் கழிந்துபோனால் மறுபடி தூவ வேண்டும்.

அப்புறம், உங்கள் படத்தில் நான்கு நிலை நோடும் நடு வரப்பில் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆடு வரப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எப்படித் தெரியும்? இரண்டைப் பிடுங்கிக் கிணற்று மேட்டுப் பக்கம் நடுங்கள்.