கூடுதல் இறப்பு: எதிலிருந்து எதைக் கழிப்பது?

கேள்வி (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்): என் தந்தை 2021 மே மாதம் மூச்சுத்திணறலால் வீட்டிலேயே காலமானார். பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. இறப்புச் சான்றிதழிலும் காரணம் இல்லை. பெருந்தொற்றுக் கணக்கில் அவர் எங்குமே இல்லையா?

பதில்: அரசு நாள்தோறும் வெளியிட்ட பட்டியலில் அவர் இருக்க வாய்ப்பில்லை, அது பெரும்பாலும் பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. சான்றிதழில் காரணம் இல்லாதது பதிவாளரின் கவனக்குறைவன்று. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பொதுமக்களுக்குத் தரும் சான்றிதழில் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கக் கொரோனா இறப்பென்று தனி ஆவணம் வாங்க வேண்டியிருந்தது இதனால்தான்.

கூடுதல் இறப்பை, அதாவது தொற்று வராதிருந்தால் இறந்திருக்கக்கூடியவர்களைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தனர் என்பதைக் கணக்கிடுவோருக்கோ காரணம் தேவையே இல்லை. இறந்த நாள், வயது, பாலினம், ஊர் ஆகியவை போதும். பதிவேட்டில் ஏறியிருந்தால் உங்கள் தந்தை அந்த மே மாதக் கணக்கில் இருக்கிறார். 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 விழுக்காடுதான் என்னும்போது, காரணத்தைச் சார்ந்திராத இந்த முறையே நமக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து.

கேள்வி (வாசகர், நெல்லிக்குப்பம்): ‘கூடுதல்’ என்றால் எதைவிடக் கூடுதல்? முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைக் கழித்தால் போதாதா?

பதில்: பெருந்தொற்றே வராதிருந்தால் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் எண்ணை மதிப்பிட்டு, அதை உண்மையில் இறந்தோர் எண்ணிக்கையிலிருந்து கழிக்கிறோம். கழித்தல் எளிது, வாதமெல்லாம் அந்த எதிர்பார்ப்பு எண்ணைப் பற்றியதே. மக்கள்தொகை பெருகி முதியோர் விகிதமும் உயர்ந்துவரும் மாநிலத்தில் இறப்பு ஆண்டுதோறும் இயல்பாகவே சற்று ஏறும். வெறும் சராசரி அந்த ஏற்றத்தைக் கவனிக்காமல், இயல்பான இறப்புகளையும் தொற்றின் தலையில் கட்டிவிடும். வேறோர் ஆபத்தும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த டிசம்பரை நீக்காமல் அடுத்த ஆண்டுக்கு எதிர்பார்ப்பு எண்ணைக் கணித்தால், 2005 டிசம்பரில் மாவட்டமே ஆரோக்கியத்தில் சிறந்துவிட்டது போன்ற பொய்த் தோற்றம் கிடைக்கும்.

இந்தியாவுக்குப் பதிவு முழுமை என்ற சிக்கலும் உண்டு. நாட்டில் பதிவான இறப்புகள் 2019இல் ஏறத்தாழ 76 லட்சம், 2020இல் 81 லட்சம், 2021இல் 1.02 கோடி. இந்த ஏற்றத்தில் எவ்வளவு மெய்யான இறப்பு, எவ்வளவு முன்பு பதியாமல் விடுபட்டவை பதிவாகத் தொடங்கியதன் விளைவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம், 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் சேர்த்து இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் இறப்புகள் என்று மதிப்பிட்டது. அதிகாரபூர்வக் கொரோனா இறப்புகளோ 4.8 லட்சம். ஒன்றிய அரசு அந்த மதிப்பீட்டு முறையை ஏற்கவில்லை. பதிவு கூடிய பங்கைத் தாராளமாகக் கழித்துக்கொண்டாலும், ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏறியதை அலுவலகங்களின் சுறுசுறுப்பால் மட்டும் விளக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

கேள்வி (வாசகர், லாஸ்பேட்டை): புதுச்சேரிக்கு மட்டும் தனியாகக் கணக்கிட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. நம் நாட்டில் இறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகிறது. பண்ருட்டிக்காரர் ஒருவர் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனையில் இறந்தால் பதிவு உழவர்கரை நகராட்சியில். அவரே சொந்தக் கிராமத்தில் வீட்டில் இறந்தால் அங்குள்ள கிராம நிர்வாக அலுவலரிடம். கடலூர், விழுப்புரம் மாவட்ட நோயாளிகள் திரளாக வரும் ஊர் என்பதால் புதுச்சேரியின் இறப்பு எண்ணிக்கை, அதன் மக்கள்தொகைக்கு எப்போதுமே பொருந்தாமல் பெரிதாக இருக்கும். ஊரடங்கில் எல்லை அடைபட்டு அவர்கள் வரமுடியாமற்போனால், ஒருவர்கூடக் கூடுதலாக இறக்காமலேயே புதுச்சேரியில் இறப்பு குறைந்ததாகவும் கடலூரில் கூடியதாகவும் பதிவேடுகள் காட்டும். இறப்புத் தகவல் படிவத்தில் (படிவம் 2) இறந்தவர் வசித்த ஊரும் கேட்கப்படுகிறது. அதைக்கொண்டு பிரித்துக் கணக்கிடுவதே சரி. அது கிடைக்காவிடில் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கலாம். காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றையும் சேர்த்து ஒன்றியப் பிரதேசத்துக்கென ஒரே எண் தருவது நிர்வாகத்துக்கு வசதி. ஆனால் கேரளத்தால் சூழப்பட்ட மாகேயின் தொற்று அலையும் நம் அலையும் ஒரே நேரத்தில் எழுந்து அடங்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

கேள்வி (அதே வாசகர்): கூடுதலாக இறந்த அனைவரும் கொரோனாவால் இறந்தவர்களா?

பதில்: இல்லை. டயாலிசிஸ் தடைபட்டவர்களும், மாரடைப்பின்போது ஆம்புலன்ஸ் கிடைக்காதவர்களும் அதில் அடங்குவர். மறுபுறம், இந்தியச் சாலை விபத்து இறப்புகள் 2019இல் 1,51,113. ஊரடங்கு ஆண்டான 2020இல் 1,31,714. இந்தக் குறைவும் அதே கூட்டலுக்குள் கரைந்துவிடுகிறது. நியூசிலாந்தில் 2020இல் கூடுதல் இறப்பு சுழியத்துக்கும் கீழே சென்றது. அங்கும் அவ்வாண்டில் கொரோனாவால் சிலர் இறந்திருந்தனர்.